பர்மா முதல் பனாமா வரை

மரம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நாட்டைத்தான். "பர்மாவா? ஆப்பிரிக்காவா?" தடியில் கை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். தூத்துக்குடியில் இறக்குமதி மரத்தை அளப்பதும் கணக்கெழுதுவதும், பிறகு சொந்தமாக விற்பதுமாகவே என் பிழைப்பு ஓடிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் இரங்கூன் என்றேன். பிறகு சரவாக். அப்புறம் கானா, தான்சானியா. கடைசியில் பனாமா, ஈக்வடார் என்று சொல்ல வேண்டி வந்தபோது, அந்த நாடுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்குச் செங்கோட்டைப் பக்கம். எங்கள் ஊரில் பொழுது விடிவதே சாமில் சத்தத்தில்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக லாரி லாரியாகத் தேக்கும் வேங்கையும் பிள்ளைமருதும் இறங்கும். அப்பா ஒரு மில்லில் ரம்பத்துக்கு முன்னால் நின்றவர். அவர் காலத்தில் வெளிநாட்டு மரம் என்றால் செட்டிநாட்டு வீடுகளில் நிற்கிற பர்மாத் தூண்தான். அது கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் கப்பலில் ஏற்றிவந்த மரம். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் எண்ணம். மலை இருக்கும்வரை மரம் இருக்கும் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதை மாற்றியது ஒரு வழக்கு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம் காடு அழிவதைத் தடுக்கச் சொல்லி 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. யாருக்குச் சொந்தமானாலும் சரி, அகராதிப் பொருளில் எதெல்லாம் காடோ அதெல்லாம் காடுதான். மத்திய அரசு ஒப்புக்கொண்ட வேலைத்திட்டம் இல்லாமல் அங்கே மரம் வெட்டக் கூடாது என்றது நீதிமன்றம். 1840களில் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டம் அதே நிலம்பூரில்தான் உருவானது. தேக்கை நட்டு வளர்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்க்காரரே, இருப்பதை வெட்டாதே என்று வழக்கும் போட்டார். எங்கள் பக்கத்து மில்கள் பல படுத்துவிட்டன. அதற்குக் கொஞ்சம் முன்னதாக நான் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போயிருந்தேன். இறக்குமதி அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் உள்ளூர்த் தடி முடங்கியபின் துறைமுகத்துப் பக்கம் காலி இடம் கிடைப்பதே பாடாகிவிட்டது.

அங்கே எனக்கு வாய்த்த மேஸ்திரி பர்மாத் தடியை அளந்து அளந்தே கை பழகியவர். இரங்கூனிலிருந்து வரும் தடியின் வெட்டுமுகத்தில் சுத்தியல் முத்திரை விழுந்திருக்கும். வெனீருக்குப் போகும் தடிக்கு ஒரு தர வரிசை, அறுவைத் தடிக்கு இன்னொரு வரிசை. மேஸ்திரி எந்த முத்திரையையும் நம்ப மாட்டார். தடியின் நடுவில், அடியிலிருக்கும் மண்ணைப் பறித்து, வளைந்த கம்பி ஒன்றின் நுனியில் டேப்பைக் கோத்து உள்ளே விட்டு மறுபக்கம் இழுப்பார். டேப் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பட்டை ஒட்டியிருந்தால் சீவிவிட்டு மறுபடியும் அளப்பார். அவர் சத்தமாகச் சொல்வார், நான் எழுத வேண்டும். "சுத்து ஏழடி. நீளம் இருவது. பொந்து இல்ல."

கணக்கு எளிது. சுற்றளவை அங்குலமாக்கி நாலால் வகுக்க வேண்டும். வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தின் அடியாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. எட்வர்ட் ஹாப்பஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1736இல் போட்ட அளவுப் புத்தகத்தோடு அவர் பெயரில் பரவிய முறை இது. உருளையின் உண்மையான கன அளவில் 78½ சதவீதத்தைத்தான் காட்டும். மீதி அறுவையில் போகிற சேதாரம் என்று விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒப்புக்கொண்டார்கள். மேஸ்திரி சொன்ன அந்தத் தடிக்கு 21ஐ 21ஆல் பெருக்கி, 20ஆல் பெருக்கி, 144ஆல் வகுத்தால் அறுபத்தொன்றே கால் கன அடி. ஒரே ஒரு தடி. நடுத்தர வீடு ஒன்றுக்கு வேண்டிய நிலை அத்தனையையும் அதில் அறுத்துவிடலாம்.

அந்தப் பருமன் தானாக வந்ததில்லை. 1856இல் பர்மாவின் பெகுக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் தொடங்கிவைத்த முறைப்படி, நல்ல காட்டில் மார்பு உயரத்தில் ஏழரை அடிச் சுற்று வராத தேக்கை வெட்டக் கூடாது; வறண்ட காட்டில் ஆறரை அடி. வெட்டிய இடத்துக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் திரும்ப வரலாம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டு, பிறகு சாய்த்து, யானையைக் கொண்டு இழுத்து ஆற்றில் விட்டார்கள். ஆக எங்களிடம் வந்த தடி நூறு வயதைத் தாண்டியது, காட்டிலேயே பாதி காய்ந்தது. ராணுவ ஆட்சியில் இந்த விதிகளை எவ்வளவு மதித்தார்கள் என்பது வேறு கதை. வர வரச் சுற்று இறங்கியது எங்கள் அளவுப் புத்தகத்திலேயே தெரிந்தது.

பர்மாவில் தடிக் கணக்குத் தகராறில் ஒரு ராஜ்யமே போயிருக்கிறது. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் வெட்டிய தேக்கைக் குறைத்துக் காட்டித் தீர்வையில் ஏமாற்றியது என்று மன்னர் தீபாவின் அரசவை 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 1885இல் வெள்ளைக்காரன் அதையே சாக்காக வைத்துப் படையெடுத்தான். தீபா ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். அந்தக் கம்பெனி எங்களுக்கு அந்நியமில்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் மலையைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்து மாஞ்சோலையில் தேயிலை போட்டது அதுதான். அளவுப் புத்தகத்தில் கோணல் மாணலாக எழுதினால் மேஸ்திரி இந்த ராஜா கதையைத்தான் எடுத்துவிடுவார்.

மலேசிய மரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஆசையில்லை. இந்தோனேசியாவும் தீபகற்ப மலேசியாவும் 1985இலேயே உருட்டுத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டன. எஞ்சியது போர்னியோத் தீவின் சபாவும் சரவாக்கும். அங்கிருந்து பெரிய பெரிய தடி கப்பல் கப்பலாக வந்தது. மலேசியன் சால் என்று நம் ஆட்கள் பெயர் வைத்துக்கொண்ட பலாவ், காபூர், கெருயிங், மராந்தி என்று பல இனங்கள். காபூரை அறுத்தால் மில்லே கற்பூரமாக மணக்கும். கெருயிங்கை அறுத்தால் பிசின் ரம்பப் பல்லில் அப்பிக்கொண்டு மில்காரன் நம்மைத் திட்டுவான். விலை மலிவு, தேக்கு வாங்க முடியாத வீடுகளுக்கெல்லாம் நிலை கொடுத்தது அந்த மரம்தான். வெளியே சுற்று பத்தடி இருக்கும், உள்ளே பொந்து இருக்கும். பொந்துக்குத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். ஏற்றுமதி செய்தவன் கழித்ததும் நாங்கள் கழிப்பதும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. 2018இல் சபாவும் தடி ஏற்றுமதியை நிறுத்தியது.

தேக்குக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுத்தடியை வெளியே விடமாட்டோம், அறுத்த மரம்தான் போகும் என்று மியான்மர் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அந்தக் கடைசி மாதங்கள் கல்யாண வீட்டு அமளி. கையில் பணம் உள்ளவன், கடன் வாங்கத் தெரிந்தவன் எல்லாரும் தடியாக வாங்கிக் குவித்தார்கள். எங்கள் யார்டில் நடக்க வழியில்லாமல் தடிமேல் ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். வாங்கியவர்களில் சிலர் அதை இரண்டு மூன்று வருஷம் வைத்திருந்து விற்று நிமிர்ந்தார்கள். வட்டி கட்ட முடியாமல் அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்களும் உண்டு.

ஆப்பிரிக்கத் தேக்கு அதற்கு முன்பே உள்ளே வந்திருந்தது. கானா, பெனின், தான்சானியா, தெற்கு சூடான். வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட தோட்டங்கள் சிலவற்றில் நல்ல முதிர்ந்த தடி கிடைத்தது. சூடான் தடியில் மேஸ்திரிக்கே மரியாதை இருந்தது. நான் அந்த வியாபாரத்தில் கற்ற முதல் பாடம் விலைப் பட்டியலில்தான். அப்போது நான் வேலை பார்த்த இடத்து அண்ணாச்சி, பர்மா விலையையும் ஆப்பிரிக்க விலையையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, "பாத்தியா, அவன் பாதி விலைக்குத் தாரான்" என்று நீட்டினார். பர்மா விலை ஹாப்பஸ் டன்னுக்கு. அதிலும் 2003இல் அமெரிக்கா தடை போட்ட பிறகு அவர்கள் டாலரை விட்டு யூரோவில் விலை சொன்னார்கள். ஆப்பிரிக்க விலை கன மீட்டருக்கு, டாலரில். மேஸ்திரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "டன்னுக்கும் மீட்டருக்கும் ஒரே படியா மொதலாளி?" என்றார். ஒரு ஹாப்பஸ் டன் என்பது ஐம்பது ஹாப்பஸ் கன அடி. உண்மைக் கன அளவில் 1.8 கன மீட்டர். அதன்படி மாற்றிப் போட்டதும் பாதி விலை காணாமல் போய்விட்டது. கன மீட்டரிலும் இரண்டு விதம் உண்டு. உருளையை அப்படியே அளந்த கன மீட்டர் ஒன்று. ஹாப்பஸ் முறையில் அளந்து, பட்டைக்கும், வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்மரமான வெள்ளைக்குமாகச் சுற்றளவில் சில சென்டிமீட்டர், நீளத்தில் சில சென்டிமீட்டர் தள்ளுபடி செய்த கன மீட்டர் இன்னொன்று. எது என்று கேட்காமல் இரண்டு நாட்டு விலையை ஒப்பிடுகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுகிறான்.

அதன் பிறகு கன்டெய்னர் காலம். பர்மாத் தடியும் சரவாக் தடியும் கப்பலின் வயிற்றில் மொத்தமாக வந்தவை. கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கும்போது கரை அதிரும். மத்திய அமெரிக்க மரமோ இருபதடிப் பெட்டிக்குள், பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி, வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாகும். பூச்சி மருந்துப் புகை போட்டிருப்பார்கள் என்பதால் கதவைத் திறந்துவிட்டு வெகுநேரம் யாரும் கிட்டே போகமாட்டோம். முதல் பனாமாப் பெட்டியைத் திறந்தபோது மேஸ்திரிக்குக் கண் மங்கி வயதாகிவிட்டது. ஆனாலும் கூட்டிப் போயிருந்தேன். உள்ளே சாரக்கம்பு கணக்காக அடுக்கியிருந்தது. அவர் ஒன்றை இழுத்து, வெட்டுமுகத்தை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். வெளியே வெளுத்த வளையம், நடுவே கொஞ்சம் வைரம். "இது மரமாலே? கழைய வெட்டி அனுப்பிருக்கான்" என்றார்.

அவர் சொன்னதை அன்று ராத்திரி கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இரண்டடிச் சுற்று, எட்டடி நீளம் உள்ள தடியில் ஹாப்பஸ் முறைப்படி இரண்டு கன அடி. ஏழடிச் சுற்றுள்ள அந்தப் பழைய பர்மாத் தடி ஒன்றுக்கு இது முப்பது தடி சமம். கன அடியில் சமம் என்பதால் மரத்தில் சமமா? இரண்டடிச் சுற்றுக்கு விட்டம் ஏழரை அங்குலம் சொச்சம். இரண்டு பக்கமும் ஓர் அங்குல வெள்ளையைக் கழித்தால் வைரம் ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும். நம் ஊரில் வழக்கமாகப் போட்ட நிலைச் சட்டம் ஐந்துக்கு மூன்று. அதன் மூலைக்கு மூலை அளந்தால் ஐந்தே முக்கால் அங்குலத்துக்கு மேல். எப்படிப் போட்டாலும் மூலையில் வெள்ளை விழுந்தே தீரும். வெள்ளை விழுந்த இடத்தைக் கறையான் தேடி வரும். நாலுக்கு மூன்று என்றால் மூலைக்கு மூலை சரியாக ஐந்து அங்குலம், வைரத்துக்குள் அடங்கிவிடும். எங்கள் வட்டாரத்தில் ஐந்துக்கு மூன்று கேட்டவர்கள் மெல்ல நாலுக்கு மூன்றுக்கு இறங்கினார்கள். ஆசாரி சிக்கனம் என்றார், என்ஜினீயர் புது டிசைன் என்றார். பெட்டிக்குள் வந்த தடியின் சுற்றளவுதான் காரணம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த மரத்தை மட்டமாகப் பேசுவது என் நோக்கமில்லை. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்து ஆய்வுகளே, இருபது வயதுத் தேக்கின் வலு முதிர்ந்த தேக்கைவிட ஒன்றும் பெரிதாகத் தாழ்ந்ததில்லை என்று சொல்லியிருக்கின்றன. இளந்தேக்கில் குறை வலுவில் இல்லை, வைரத்தின் பங்கில் இருக்கிறது. விதையைக் குறை சொல்லவும் வழியில்லை. பர்மாவின் தெனாசரிம் பகுதித் தேக்கு விதை 1913இல் ட்ரினிடாட் தீவுக்குப் போனது. அந்தப் பக்கத்து நாடுகளுக்குத் தேக்கு பரவிய வழிகளில் அது முக்கியமானது. "பர்மாவா?" என்று கேட்கிறவரிடம் வம்சத்தால் பர்மாதான் என்று நான் பொய்யில்லாமல் சொல்லலாம். சில கடைகளில் அந்த அளவுக்குக்கூட யோசிக்காமல், நிறம் கொஞ்சம் கூடினால் பர்மா என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1990களில் நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகத் தேக்கு விளம்பரம் வரும். ஒரு கன்றுக்குப் பணம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சங்கள் என்று. கட்டிய பணத்தைத் திரும்பப் பார்க்காத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன. 1999இல் செபி இந்தக் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதி கொண்டுவந்தபோது பெரும்பாலானவை மறைந்திருந்தன. அதே பத்தாண்டில் பனாமாவிலும் அரசு வரிச்சலுகை கொடுத்து, வெளிநாட்டார் பணம் போட்டுத் தேக்கு நட்டார்கள். அங்கே கன்றாவது மண்ணுக்குப் போயிற்று. இடையில் கலைத்தெடுத்த கம்பும் பிறகு வெட்டிய தடியும் தூத்துக்குடிக்கு வந்தன. நம் ஊரில் நட்டதாகச் சொன்ன தேக்கை யாரும் என்னிடம் அளக்கக் கொண்டுவந்ததில்லை.

தடியே வேண்டாம் என்ற நாடுகளும் கூடிவிட்டன. காபோன் 2010இல் உருட்டுத்தடியை நிறுத்தி, லிப்ரவில்லுக்குப் பக்கத்தில் என்கோக் என்ற இடத்தில் தொழில் மண்டலம் அமைத்தது. மரம் வேண்டுமானால் இங்கே வந்து அறுத்துக்கொள் என்றது. நம் நாட்டுக்காரர்கள் அங்கே போய் வெனீர் ஆலை போட்டார்கள். தன் மரத்தைத் தானே அறுக்க விரும்புகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். கூலி அவன் ஊரிலேயே நிற்கட்டும். என் தகப்பனார் வாழ்ந்ததும் அந்தக் கூலியில்தான்.

இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் ஏறாத ஒரு நாடும் எங்களுக்கு மரம் தருகிறது. அது செட்டிநாடு. பங்கு பிரிக்க முடியாமல் இடிக்கிற வீடுகளின் தூணும் உத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகின்றன. அங்கிருந்து ஒரு உத்திரத்தை வாங்கி அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஆணி இருந்த இடத்தில் கறுப்பு, மற்றபடி ரம்பத்தில் எண்ணெய் ஒட்டுகிறது. இரங்கூனில் இன்று கிடைக்காத மரம் இது. இந்த வரவும் நின்றுவிடும். புதிதாக யாரும் அப்படி வீடு கட்டப் போவதில்லை.

இப்போதும் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு தேக்கு வந்தது என்று அரசாங்கக் கணக்கைப் பார்ப்பேன். கன மீட்டர் இருக்கிறது, டாலர் இருக்கிறது, நாட்டின் பெயர் இருக்கிறது. மியான்மர் இறங்கி ஈக்வடார் ஏறியதை அதில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். நூறு வயது மரத்தின் ஒரு கன மீட்டரும் இருபது வயது மரத்தின் ஒரு கன மீட்டரும் அங்கே ஒரே எண்ணாகத்தான் நிற்கின்றன. தடியின் பருமனைப் பிரித்து எழுதுவது செய்ய முடியாத காரியம் இல்லை. உலக சுங்கக் குறியீட்டில் 4403 என்ற தலைப்பின்கீழ் பைன், பீச், பிர்ச் தடிகளை, குறுக்களவு 15 சென்டிமீட்டரும் மேலும் உள்ளவை, அதற்குக் கீழானவை என்று 2017 முதல் பிரித்து எழுதுகிறார்கள். குளிர்நாட்டு மரத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை தேக்குக்கு இல்லை. உலகச் சந்தைக்கு வரும் தோட்டத் தேக்கில் பெரும்பங்கை வாங்குவது இந்தியா. அந்தப் பிரிவைக் கேட்க வேண்டியதும் நாம்தான். சுங்கத் துறை அதைச் செய்யும்வரை, வீடு கட்டுகிறவர்கள் கடையில் நாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, தடியின் சுற்றளவைக் கேளுங்கள். வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லி, வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.